அண்டா அவனுடையது

அரவை மிஷின் என்னுடையது.
வீட்டை எனக்கும் காரை அவனுக்கும்
எழுதிக் கொடுத்தது நீதிமன்றம்.
முப்பது லிட்டர் அண்டாவுக்கு மட்டும்
ரசீது காட்டினான் ராதிவோய்.
பதினாறு வருஷம் பத்திரப்படுத்திய ரசீது!
கல்யாண போட்டோ எங்கே என்று கேட்டுப் பாருங்கள்,
தெரியாது.

ஆகவே செப்டம்பர் பிறந்தால்
நீஷ் நகரத்தில், எங்கள் குடியிருப்பின் பின்புறம்,
கார் ஷெட்டுகளுக்கு நடுவே
ஓர் அண்டா நடந்து வரும்.
கீழே இரண்டு கால்கள்.
இடது கால் கொஞ்சம் இழுக்கும்.

நாற்பது கிலோ தக்காளி.
நல்லதை மேலே, அழுகலை அடியில் வைத்த டிராக்டர்காரனிடம்
இருவரும் ஒரே குரலில் சண்டை போட்டோம்.
இந்த வருஷத்து ஒற்றுமைக்கு அது போதும்.

நான்காக நறுக்கி, வேகவைத்து,
அவன் அகப்பையால் அள்ளிப் போட
நான் கைப்பிடியைச் சுற்றுகிறேன்.
ஒரு பக்கம் சாறு,
இன்னொரு பக்கம் தோலும் விதையும்.
வக்கீல்கள்கூட எங்களை
இவ்வளவு சுத்தமாகப் பிரிக்கவில்லை.

வெங்காயம், சிவப்புக் குடைமிளகாய், வினிகர்,
எண்ணாமல் கொட்டிய சர்க்கரை.
கிராம்பும் பட்டையும் மூட்டை கட்டியது
என் பழைய ஸ்டாக்கிங்கில்.
துவைத்ததுதான், முகத்தை அப்படி வைக்காதே.

பிறகு வேலை ஒன்றுமில்லை.
கிளறுவது மட்டும்.
சுண்டச் சுண்ட மிச்சச் சாற்றை ஊற்றிக்
கிளறுவது மட்டும்.
மூன்றாம் மாடி தேசாங்கா ஜன்னலைத் திறந்து
"மறுபடி சேர்ந்துவிட்டீர்களா?" என்கிறாள்.
"அடிபிடிக்கும், இரண்டு ஆள் வேண்டும்"
என்கிறான் அவன், தலை நிமிராமல்.

மாலை ஆறு மணிக்கு
அது ரசம்போல் இருந்தது.
எட்டு மணிக்கும் ரசம்போல்தான் இருந்தது.
பத்து மணிக்குத் திடீரென்று கெட்டியாகி,
பொறுமை இழந்த பிராணிபோல்
துப்பத் தொடங்கியது.
அவன் மணிக்கட்டில் ஒரு கொப்புளம்.
தண்ணீர்க் குழாயைக் காட்டினேன்.
கையைப் பிடித்துப் பார்க்கவில்லை.

குளிர்ந்த தட்டில் ஒரு கரண்டி விட்டு
நடுவே விரலால் கோடு இழுக்க வேண்டும்.
கோடு மூடிக்கொண்டால் இன்னும் நேரமாகும்.
ஓரத்தில் நீர் கசிந்தாலும் இன்னும் நேரமாகும்.
இரண்டு கரையும் அப்படியே நின்றால்
பதம்.
நின்றது.
இருவரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
தேவைக்கு மேல் கொஞ்சம்.

நாற்பது கிலோவும் கடைசியில்
இருபத்து மூன்று பாட்டிலுக்குள் அடங்கிவிட்டது.
கொதிக்கக் கொதிக்க ஊற்றி, மூடி திருகி,
மாடிக்குத் தூக்கிப் போய்
கம்பளியில் சுற்றிக் கட்டிலில் வைத்தோம்.
சட்டென்று ஆறினால் கண்ணாடி வெடிக்கும்.
கட்டிலின் வலப்பக்கம் காலிதான்,
அங்கே வைத்தோம்.
அவன் காரில் தூங்கப் போனான்.
எனக்குத் தூக்கம் வரவில்லை.
முதுகுக்குப் பின்னால் இருபத்து மூன்று சூடுகள்,
அரை மணிக்கு ஒருதரம்
'டக்' என்று உள்வாங்கிக்கொள்ளும் ஒரு மூடி.
எண்ணிக்கொண்டே கிடந்தேன்.
இருபத்திரண்டு வரை வந்தது.

காலையில் பங்கு:
பதினொன்று எனக்கு, பதினொன்று அவனுக்கு.
மூடி அமுங்காத ஒன்று
மேஜைமேல் நின்றது.
அது குளிர்காலம் வரை தாங்காது,
இன்றே தின்றாக வேண்டும்.
முட்டை பொரித்தேன்.
ரொட்டியில் தடவிக் கடித்துவிட்டு
யோசிப்பவன்போல் மென்றான்.

"கிராம்பு தூக்கல்."

நாங்கள் ஒன்றாக இருந்தபோதும்
இதையேதான் சொல்லுவான்.
இந்த ஒரு குறைக்காகவே
ஒரு காலத்தில் தட்டை எறிந்திருக்கிறேன்.
இன்று பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினேன்.
இன்னொரு துண்டு ரொட்டி எடுத்தான்.

கிராம்பு தூக்கல்தான்.
வேண்டுமென்றேதான் போட்டேன்.